கிளியம்மா என்கிற பேர்

என் மகளுக்குக் கிளியம்மா என்று பெயர் வைக்க ஆசைப்பட்டது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடங்களில் நான் சொல்லவில்லை.

அது செத்துப்போன யாருடைய பெயரும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. முந்தாவருஷம் பங்குனியில் ஒரகடம் வேலையை விட்டுவிட்டு ஜவ்வாது மலைக்கு, எங்கள் ஊருக்கே, திரும்பி வந்திருந்தேன். நாலு வருஷம் நைட் ஷிப்ட். அதற்கு முன்னால் பாலிடெக்னிக். அதை இரண்டாம் வருஷத்தோடு விட்டேன். விட்டுவிட்டு வருவதுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை. பகலில் தூங்குகிற பழக்கம் உடம்பை விட்டுப் போகாமல், காலை பத்து மணிக்குப் புளியமரத்தடியில் கோணியை விரித்துப் படுத்துக் கிடந்தேன். அப்போது எதிர்ச் சரிவில் ஒரு பொம்பளை தன் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஏ... கிளியம்மோவ்..."

பெயர் பள்ளத்தைத் தாண்டி வந்தது. எங்கள் பக்கத்துப் பாறையில் பட்டுத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஓடையிலிருந்து ஒரு சின்னக் குரல், "இன்னாம்மோவ்" என்றது.

அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் ஊரில் போன் டவர் ஒரு பாறை மேல் கிடைக்கும், அடுத்த பாறையில் கிடைக்காது. ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்கு ஆளைக் கூப்பிடத் தொண்டைதான் இருக்கிறது. அதற்கு ஏற்ற பெயர் வேண்டும். என் பெயர் அருண்ராஜ். கத்திக் கூப்பிட்டால் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடும். என் அம்மா என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். ஒரகடத்தில் எங்கள் லைனில் மட்டும் ஏழு அருண்கள். சூப்பர்வைசர் எங்களுக்கு நம்பர் போட்டிருந்தார். நான் அருண் நாலு. நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன், ஒரு நாள்கூட எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. கிளியம்மா என்று கேட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிவேதாவுக்கு அப்போது மூணாம் மாசம். அவள் செங்கத்துக்காரி. அதே கம்பெனியில் பகல் ஷிப்டில் இருந்தாள். அவள் வேலை முடித்து இறங்குகிற பஸ்ஸில்தான் நான் ஏறுவேன். அப்படி ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்தது. 'மலைக்காரனுக்கா' என்று அவள் வீட்டில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பேசினார்கள். ஆனால் பேசுகிறபோதெல்லாம் அந்த ஒரு வருஷத்தை ஞாபகப்படுத்தினார்கள்.

மதியம் வீட்டுக்குப் போய் அவளிடம் பெயரைச் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பொண்ணுதான் பொறக்கும்னு ஒனக்கு யாரு மாமா சொன்னாங்க?"

"பொறக்கும்."

"பையனா பொறந்தா?"

"பையனா பொறந்தா நீயே எதுனா வெச்சுக்க."

ஒரு வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில், வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்தபடியே, "ஒன் கிளியம்மா என்ன ஒரு வாய் திங்க வுடமாட்டேங்கிறா" என்றாள். அதற்குப் பிறகு வயிற்றுக்குள் இருந்தது கிளியம்மாதான். கிளியம்மா உதைத்தாள். கிளியம்மாவுக்கு மாங்காய் வேண்டும். பஸ்ஸில் மேடு பள்ளம் வந்தால், "பாத்து, கிளியம்மா முழிச்சிக்குவா" என்று வயிற்றில் கை வைப்பாள். என்னைவிட அவளுக்கு அந்தப் பெயர் அதிகமாகப் பிடித்துப்போய்விட்டது. ஆசைப்பட்டது நான். அதைத் தூக்கிச் சுமந்தது அவள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து அவளைச் செங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். எனக்கும் மலையில் வேலை இல்லை. நிவேதாவின் அண்ணன் சுரேஷ் செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு வந்து கடைய பாரு மாப்ள" என்றார். போனேன். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. பகலில் முழித்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

பெயர் விஷயம் நிவேதா வாயிலிருந்து அவள் அம்மா வசந்திக்குப் போய், அங்கிருந்து சுரேஷுக்கு வந்து, மறுநாள் கடைக்கு வந்துவிட்டது.

"இன்னா மாப்ள, கிளியம்மாவாமே?" என்றார் சுரேஷ், ஷட்டரைத் தூக்கிக்கொண்டே. "கூண்டு வாங்கியாச்சா?"

கடையில் போன் ரிப்பேர் பார்க்கிற ரமேஷ் திரும்பிப் பார்த்தான். "யாருண்ணா கிளியம்மா?"

"என் மருமவ. பொறக்கப்போறவ."

"அய்ய, அது எங்க மாமியா பேருப்பா" என்றாள் ரீசார்ஜ் செய்ய வந்து நின்ற ஒரு அம்மா. "செத்து ஒம்பது வருசம் ஆவுது. இன்னும் கனவுல வந்து கொழம்புல உப்பு பத்தலன்னு சொல்லுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் நான் கடைக்குள் நுழைந்ததும் ரமேஷ் எழுந்து நின்று கும்பிட்டான். "வாங்க ஜோசியரே. கிளிய வெளிய வுடுங்க, இன்னிக்கு ஓனருக்கு இன்னா பலன்னு பாப்போம்." அன்றைக்கு முழுவதும் அதுதான். மூணாம் நாள் எனக்குப் பெயரே கிளி என்று ஆகிவிட்டது. "கிளி, டெம்பர்டு கிளாஸ் எடு." "கிளி, ரெண்டு டீ சொல்லு."

அதுகூடப் பரவாயில்லை. அருண் நாலு என்று கூப்பிட்டபோது கோபம் வராதவனுக்குக் கிளி என்றால் என்ன. சுரேஷ் ஒரு நாள் கஸ்டமர் நாலு பேரை வைத்துக்கொண்டு, சாதாரணமாக, யாரையும் புண்படுத்துகிற எண்ணம் இல்லாமல் சொன்னார்: "மலையில அப்டித்தான் ரமேஷு வெப்பாங்க. கல்லு, காடு, கிளி, கரடின்னு. பாவம், அவங்களுக்கு இன்னா தெரியும்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரகடத்தில் இருந்த நாலு வருஷமும் யாராவது ஊர் கேட்டால் திருவண்ணாமலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். மலை என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. இப்போது ஒரு பெயர் என்னைக் கடை நடுவில் நிறுத்தி வேட்டியை உருவிவிட்டது.

"நெசமாவே இந்தப் பேரு யாரு புடிச்சது மாப்ள?" என்று கேட்டார் சுரேஷ்.

"நிவேதாதான் மச்சான்" என்றேன். "அவ ஆசப்படறா. மாசமா இருக்கறவகிட்ட நான் இன்னா பேசறது?"

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நிவேதா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் எனக்கு முன்னால் வந்து அவளைத் திட்டிவிட்டுப் போயிருந்தார். அவள் அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் புடிச்ச பேருன்னு சொன்னியா மாமா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி வுடு. நான் புடிச்ச பேருதான்னே இருக்கட்டும். நான் சொன்னா எங்கண்ணன் ஒரு நாள் திட்டும். நீ சொன்னா வருசம் பூரா பேசும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். அப்பாடா என்றுதான் இருந்தது.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து பெயர் முடிவு பண்ணியாச்சா என்று கேட்டபோது நான், "இன்னும் இல்ல சிஸ்டர்" என்றேன். பெட்டில் கிடந்த நிவேதா, "கிளியம்மா" என்றாள். குரல் எழும்பவில்லை, இருந்தாலும் சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வசந்தி அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "மூளை கெட்டுப்போச்சா டீ ஒனக்கு? நாளைக்கு ஸ்கூல்ல புள்ளைய கிள்ளி வெப்பாங்க டீ. மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க!"

நான் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுரேஷ் தஷ்விகா என்று ஒரு பெயர் வைத்திருந்தார். போனில் தேடி எடுத்தது. அர்த்தம் என்ன என்று கேட்டால் ஒளி என்றார், இன்னொரு நாள் கேட்டால் வெற்றி என்றார். அத்தைக்கே அது வாயில் வராது. தசுவிக்கா என்பாள். ஆனாலும் அதுதான் வேண்டும் என்றாள். மூணு மாசம் அந்த வீட்டில் குழந்தைக்கு இரண்டு பெயர். நிவேதா கிளியம்மா என்று தூக்குவாள், மற்றவர்கள் தஷு என்று பிடுங்குவார்கள். நான் பாப்பா என்பேன்.

தையில் குழந்தையை மலைக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு முன்னால் இதை முடிக்கப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரிய சண்டை. நிவேதா பாதிச் சோற்றில் எழுந்தாள்.

"எங்க சாமிகிட்ட பூ கேப்போம்" என்றாள். "வேடியப்பன் இந்தப் பேரு வேணும்னா வேணும். வேணாம்னா நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்கக் கூடாது. சரியா?"

அவள் 'எங்க சாமி' என்றது எங்கள் மலைச் சாமியை. கல்யாணமாகி இரண்டு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, வேடியப்பனுக்குக் கோழி நேர்ந்துகொண்ட பிறகுதான் உண்டானாள். என்னைவிட அவளுக்கு அந்தச் சாமி மேல் நம்பிக்கை. அத்தையும் யோசித்துவிட்டு, "சாமி சொன்னா நான் இன்னா சொல்லப்போறேன்" என்றாள். சுரேஷும் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது நிவேதா பிடித்த பெயர்.

வேடியப்பனுக்குக் கட்டிய கோயில் கிடையாது. வேங்கை மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல். அதில் வில் பிடித்த ஆள் ஒருவன், முகமெல்லாம் தேய்ந்து, தோள் மட்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி நிற்பான். என் பெரியப்பா கோபால்சாமிதான் பூசாரி. பூ கேட்பது சிக்கலான காரியம் இல்லை. தண்ணீரில் நனைத்த அரளிப் பூவைச் சாமியின் இரண்டு தோளிலும் ஒன்று ஒன்றாக ஒட்டுவார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு எல்லாரும் வாய் மூடி நிற்க வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு உண்டு. இடது பூ விழுந்தால் இல்லை. கிணறு வெட்டுவது, பெண் கட்டுவது, பங்கு பிரிப்பது எல்லாம் இப்படிக் கேட்டுத்தான். பூ விழுந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

நான் அந்தப் பெயரை வெறுத்துவிட்டேனா என்றால் இல்லை. பூ கேட்கிற நாள் காலையில்கூட, தூளியில் தூங்குகிறவளைப் பார்த்து ஒரு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து கடை ஞாபகம் வந்தது. ரமேஷ் கும்பிட்டது, அந்த நாலு பேர் பார்த்தது. இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு ஆபீசிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நான் அந்தப் பெயரைச் சொல்ல, எதிரில் இருக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். என்னால் முடியாது என்று தோன்றியது. நிவேதாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துப்பு இல்லை.

அலமாரியில் தேன் பாட்டில் இருந்தது. மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கும். சுண்டு விரலை விட்டு எடுத்தேன். பூசாரி வருவதற்கு முன்னால் இடத்தைப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் துடைப்பத்தோடு போனேன். விடிந்து வெயில் இன்னும் மரத்துக்கு மேலேயே இருந்தது. யாரும் இல்லை. சாமியின் வலது தோளில், பூ வைக்கிற பள்ளத்தில், விரலைத் துடைத்தேன். கல் சில்லென்று இருந்தது. பிறகு உண்மையாகவே இடத்தைப் பெருக்கினேன்.

எட்டு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். செங்கத்திலிருந்து வேனில் எட்டுப் பேர். சுரேஷ் போனில் வீடியோ எடுத்தார். நிவேதா குளித்து ஈரத் தலையோடு குழந்தையை மடியில் வைத்துக் கல்லுக்கு நேரே உட்கார்ந்தாள். பெரியப்பா பூவை நனைத்து ஒட்டினார்.

"அப்பா வேடியப்பா, இந்தப் புள்ளைக்குக் கிளியம்மான்னு பேரு வெக்க ஒன் உத்தரவ கேக்குறா பெத்தவ. வலம் குடுத்தா வெக்கறோம். எடம் குடுத்தா வுட்டுடறோம்."

பத்து நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. குழந்தை மட்டும் ஏதோ சத்தம் போட்டது. கீழ்க்காற்று அடித்தது. இடது பூ ஓரம் தூக்கியது. நிவேதா வலது பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. உதடு அசைந்தது. அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

இடது பூ விழுந்தது.

"உத்தரவு இல்ல" என்றார் பெரியப்பா.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுரேஷ் என் தோளைத் தட்டினார்.  அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியப்பா வலது பூவை எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். பூ வரவில்லை. குனிந்து பார்த்தார்.

"எறும்பு" என்றார். "இன்னாடா இது? வலத் தோள் பூரா எறும்பு மொய்க்குது."

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். சிவப்பு எறும்பு. வரிசையாகக் கல்லில் ஏறி, தோளில் கட்டியாக அப்பியிருந்தது. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை.

"நாப்பது வருசமா பூச பண்றேன்" என்றார் பெரியப்பா.  "சாமி ஒடம்புல எறும்பு ஏறி நான் பாத்ததே இல்ல."

"பூவ வுடமாட்டேன்னு புடிச்சிக்கினு இருக்குது பாருங்க" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "அந்தப் பேரு சாமிக்கு அவ்ளோ ஆகல."

நிவேதா குழந்தையை நெஞ்சோடு இறுக்கினாள். நான் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ஏமாந்த முகம் இல்லை. பயந்த முகம்.

குழந்தை தஷ்விகா ஆனாள். பெரியப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம் என்பதால் அதைச் சாமியிடம் கேட்கவும் இல்லை. சுரேஷ் குழந்தையின் காதில் பெயரைச் சொன்னார், சர்க்கரை கொடுத்தார்கள், வேன் கிளம்பியது.

நான் நினைத்தது நிவேதா ஒரு மாசம் வருத்தப்படுவாள், பிறகு சரியாகிவிடும் என்று. அவள் வருத்தப்படவே இல்லை. அந்தப் பெயரை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஒரு நாள் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது பழக்கத்தில் என் வாயில் "கிளியம்..." என்று வந்துவிட்டது. அவள் ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். மாவு பிசைந்துகொண்டிருந்த கை. "சொல்லாத மாமா! கேட்டுறப்போகுது." யாருக்குக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை.

மாசியில் குழந்தைக்குச் சளி. எல்லாக் குழந்தைக்கும் வருகிறதுதான். அவள் அப்படி நினைக்கவில்லை. "ஒம்போது மாசம் வயித்துல வெச்சி அந்தப் பேர்ல கூப்ட்டேன் இல்ல" என்றாள். "சாமிக்கு ஆகாத பேரு. நான்தானே கூப்ட்டேன்." செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தாள். பிறகு வெள்ளியும். பங்குனியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அப்போதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு. வெறுங்காலோடு போய்க் கல்லைச் சுற்றி வந்தாள். நான் வேண்டாம் என்றேன். நான் சொல்கிற வேண்டாம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது தெரிந்ததுதான்.

சித்திரை கடைசியில் ஊசி போடக் கூட்டிப் போனபோது நர்ஸ் அருணா குழந்தையை எடை பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் எடை பார்த்தாள்.

"ரெண்டு மாசமா ஏறவே இல்ல. இன்னாம்மா குடுக்கற?"

"பால்தாங்க. கொஞ்சம் கூழும் குடுக்கறேன்."

"நீ இன்னா சாப்பிடற?"

நிவேதா குழந்தைக்குச் சட்டையை மாட்டினாள். அருணா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் சரிந்தது. "விரதமா? பால் குடுக்கறவ விரதம் இருந்தா புள்ள எங்கேந்து வளரும்? எந்தச் சாமிம்மா ஒன்ன பட்டினி கெட சொன்னது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பக்கத்துல நின்னுக்கினுதானே இருக்கீங்க? இன்னா பாத்துக்கினு இருந்தீங்க?"

பதில் என்னிடம் இருந்தது.

திரும்பி வரும்போது நாலாவது வளைவில் பைக்கை நிறுத்தினேன். அவள் இறங்கி, குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள். வண்டி ரிப்பேர் என்று நினைத்திருப்பாள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். தேன், சுண்டு விரல், எறும்பு. ஏன் செய்தேன் என்றும் சொன்னேன். கடையில் சிரித்ததை. சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்பது தெரிந்தது. ஒரு பஸ் எங்களைத் தாண்டி மேலே போனது.

"தேனா?"

"ம்."

"நம்ம வூட்டுத் தேனா?"

"ம்."

"எனக்கு வேணாம் நிவேதா, கூச்சமா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டிருப்பேன் மாமா. ஒனக்காகத்தானே புடிச்சிக்கினு நின்னேன்."

நான் கிளட்ச் வயரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"மூணு மாசமா நான் புள்ளைய கொன்னுடப்போறேன்னு நெனச்சிக்கினு இருக்கேன்" என்றாள். "நீ பக்கத்துல படுத்துத் தூங்கற."

 அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடு."

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை. காலையில் எனக்கு ஆக்கி வைத்த சாமைச் சோறு இருந்தது. தட்டு நிறையப் போட்டுக் குழம்பை ஊற்றி, அவசரம் இல்லாமல், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சாப்பிட்டு முடித்து, குழந்தையை எடுத்து மடியில் போட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்க்கிற ஒருத்தரிடம் பேசுகிற மாதிரி, "கிளியம்மா" என்றாள். "ஏ கிளியம்மா. பசிக்குதா டீ?"

நானும் கிட்டே போனேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"நீ அந்தப் பேர கூப்புடாத."

"நிவேதா..."

"நீ பாப்பான்னு கூப்புடு, தஷுன்னு கூப்புடு, இன்னான்னா கூப்புடு. அத கூப்புடாத. அது ஒனக்கு இல்ல."

அன்றைக்கே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று பேசினாள், எனக்குக் கேட்டது. "பேரு கிளியம்மாதாம்மா. நான் முடிவு பண்ணிட்டேன். சாமியா? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போன வை." அவ்வளவுதான் சொன்னாள். தேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இறங்கி வந்தவளிடம் கேட்டேன். "ஊர்ல சொல்லிடட்டுமா?"

"நீ செஞ்சது. சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். நான் போய்ச் சொல்ல மாட்டேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாமிக் கல்லில் சூது செய்தவனை ஊர் கூட்டி நிற்க வைப்பார்கள். என் வீட்டுக் காரியத்துக்கு யாரும் வர மாட்டார்கள். நாற்பது வருஷம் பூசை செய்த பெரியப்பா, தேன் எது சாமி எது என்று தெரியாமல் நின்றார் என்று ஆகும். அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு.

பெயர் பதிவு ஆபீசுக்கு நிவேதாதான் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. சர்ட்டிபிகேட்டில் கிளியம்மாள் என்று இருக்கிறது, தகப்பன் பெயர் அருண்ராஜ். சுரேஷ் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அத்தை எப்போதாவது வந்து, குழந்தையைப் பெயர் சொல்லாமல் கொஞ்சிவிட்டுப் போகிறாள். என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயசு. எடை சரியாக இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடுகிறாள், அவள் அம்மாவிடம். என்னிடம் வருவதற்கு நான் கை தட்ட வேண்டியிருக்கிறது.

குழாயடியில் நிவேதா போய் நின்றால் பேச்சு நிற்கிறது. சாமி வேண்டாம் என்று எறும்பு ஏற்றிக் காட்டியும் அடங்காதவள் என்பதுதான் ஊரில் அவளுக்குப் பெயர். கீழ்நாட்டுக்காரி, திமிர் பிடித்தவள், இவளுக்கு எங்கே நம் சாமி அருமை தெரியும் என்கிறார்கள். குழந்தை ஒரு தும்மல் தும்மினால் போதும். அவள் தலையை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், பழைய மாதிரி மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

போன வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கோபால்சாமி பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். குழந்தைக்கு ஜுரமாமே என்று கேட்டார். ஆமாம், விட்டுவிட்டது என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அருணு, ஒனக்குத் தெரியாதது இல்ல. சாமி ஒரு தரம் சொன்னா சொன்னதுதான். அந்தப் பொண்ணு எதித்துக்கினு நிக்குது. என்னைக்கினா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒன் பொண்டாட்டிக்கு நீதாண்டா புத்தி சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீ சூடாக இருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சரி பெரியப்பா" என்றேன். "சொல்றேன்."